பாட்டுக்குள் இருந்த முகவரி

பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதை ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் சில இளைஞர்கள் நடத்திய அப்படியான ஒரு தேடல், மௌத்தாகிவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்த மனிதர்களை உயிரோடு மேடைக்குக் கொண்டுவந்தது. வரலாறு கற்பிப்பவர்களும் கற்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய கதை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பின்னணியைப் பார்ப்போம். ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு. சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்துவிட்டது, ஆனால் நிலமும் இல்லை, வாக்குரிமையும் இல்லை. பருத்தி வயலிலும் ரயில் பாதையிலும் சிறைக்கூடத்திலும் உழைத்தவர்களின் வலியும் பிரிவும் கேலியும் அந்தப் பாட்டில் இருந்தன. 1920 ஒகஸ்ட் 10ஆம் திகதி நியூயோர்க்கில் மேமி ஸ்மித் என்ற பாடகி ‘கிரேஸி ப்ளூஸ்’ பாட்டை ஒகே கம்பனிக்காகப் பதிவு செய்தார். அது பெருமளவில் விற்பனையாகியது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது கம்பனிகளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்களுக்கென்று தனி வரிசையில் இசைத்தட்டுகளை வெளியிட்டு, ‘ரேஸ் ரெக்கோர்ட்ஸ்’ என்று பெயரும் வைத்தார்கள். ரேஸ் என்றால் இங்கே இனம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ப்ளூஸின் மிக அருமையான பதிவுகள் பலவற்றை வெளியிட்ட பரமவுண்ட் நிறுவனம், விஸ்கொன்சின் மாநிலத்தில் கதிரை செய்யும் கம்பனி ஒன்றுக்குச் சொந்தமானது. அந்தக் கம்பனி கிராமபோன் பெட்டிகளையும் செய்தது. பெட்டியை விற்க வேண்டுமென்றால் அதில் போட்டுக் கேட்க இசைத்தட்டும் வேண்டுமல்லவா? அப்படித்தான் இசைத்தொழிலுக்குள் வந்தார்கள். பாடகருக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் அன்றைய வழக்கம். தட்டு எத்தனை விற்றாலும் பாடகருக்கு அதில் பங்கு கிடைப்பது அரிது.

பிறகு 1929இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. சோற்றுக்கே வழியில்லாதவர்கள் இசைத்தட்டு வாங்குவார்களா? விற்பனை சரிந்தது. பரமவுண்ட் 1932உடன் ஒலிப்பதிவை நிறுத்திக்கொண்டது. அதனிடமிருந்த உலோக மூல அச்சுகள் பழைய இரும்புக் கணக்கில் விற்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் இன்னொரு அடியைக் கொடுத்தது. அக்கால இசைத்தட்டுகள் செய்யத் தேவையான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. போரால் அது தட்டுப்பாடாகவே, 1942இல் அமெரிக்க அரசு அரக்குப் பாவனையைக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகளைச் சேகரித்து நொறுக்கிப் புதிய தட்டுகள் செய்தார்கள். எத்தனையோ குரல்கள் இப்படித்தான் அழிந்து போயின.

தப்பியவை ஏழைகளின் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடந்தன. ஹாரி ஸ்மித் என்பவர் தன்னிடமிருந்த பழைய தட்டுகளில் 84 பாட்டுகளைத் தெரிந்தெடுத்து, 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் ஊடாக ஒரு தொகுப்பாக வெளியிட்டார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்ற விபரத்தை வேண்டுமென்றே அவர் எழுதவில்லை. அந்தத் தொகுப்பில் மிசிசிப்பி ஜோன் ஹர்ட் என்பவர் பாடிய இரண்டு பாட்டுகள் இருந்தன. இதமான குரல், நீரோட்டம் போன்ற கிட்டார். கேட்டவர்கள் மயங்கினார்கள். ஆனால் அவர் யார், எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

ஹர்ட் 1928 டிசம்பரில் ஒலிப்பதிவுக்காக நியூயோர்க்குக்கு அழைக்கப்பட்டிருந்தார். ஊர் ஞாபகம் வாட்டவே, தன் ஊரின் பெயரை வைத்து ஒரு பாட்டையும் அங்கே பதிவு செய்தார். அதன் பெயர் ‘அவலோன் ப்ளூஸ்’. 35 வருடங்களின் பின்னர் அந்தப் பாட்டைக் கேட்ட ரசிகர்கள், அவலோன் என்பது உண்மையான ஊராக இருக்குமோ என்று யோசித்தார்கள். புதிய வரைபடங்களில் அந்தப் பெயர் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் அட்லஸ் ஒன்றில், மிசிசிப்பியில் கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் இடையே ஒரு சிறு புள்ளியாக அது இருந்தது. 1963இல் டொம் ஹொஸ்கின்ஸ் என்ற இளைஞர் வாகனத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனார். விசாரித்ததும் ஊரார் வீட்டைக் காட்டிவிட்டார்கள். சுமார் 70 வயதான ஹர்ட், தோட்டத்தில் கூலிவேலை செய்துகொண்டு அங்கேயே இருந்தார். அவரிடம் சொந்தமாக ஒரு கிட்டார்கூட இல்லை. அதே வருடம் ஜூலையில் நியூபோர்ட் இசை விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவர் பாடினார்.

புக்கா வைட் என்ற பாடகரின் கதையும் இப்படித்தான். அவர் 1940இல் பதிவு செய்த ஒரு பாட்டின் தலைப்பில் அபர்டீன் என்ற ஊர்ப் பெயர் இருந்தது. ஜோன் ஃபாஹி என்ற இளைஞர், ‘புக்கா வைட், பழைய ப்ளூஸ் பாடகர், தபால் நிலையம், அபர்டீன், மிசிசிப்பி’ என்ற மாதிரியான விலாசத்தில் ஒரு கடிதம் போட்டார். அது கைமாறிக் கைமாறி, மெம்பிஸ் நகரில் இருந்த அவரிடமே போய்ச் சேர்ந்தது.

1964 ஜூன் மாதம் இன்னும் இருவரைத் தந்தது. ஸ்கிப் ஜேம்ஸ் மிசிசிப்பியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். சன் ஹவுஸைத் தேடித் தெற்கே போனவர்கள், கடைசியில் அவரை வடக்கே நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் கண்டார்கள். அவர் கிட்டாரைக் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய பாட்டுகளைக் கற்றிருந்த எலன் வில்சன் என்ற இளைஞர், அவருடைய பாட்டுகளையே அவருக்கு ஞாபகப்படுத்திக் கொடுத்தார்.

அதே ஜூன் மாதம் மிசிசிப்பியில் என்ன நடந்தது தெரியுமா? கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய உதவிய ஜேம்ஸ் சேனி, அண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வேர்னர் ஆகிய மூவரும் 21ஆம் திகதி இரவு கொல்லப்பட்டார்கள். முதியவர்களின் குரலைத் தேடி வெளியூர் இளைஞர்கள் அலைந்ததும் இந்த மூவர் கொல்லப்பட்டதும் ஒரே மாநிலத்தில்தான். பாட்டுக்குக் காது கொடுத்த அந்த நாடு, பாடியவரின் வாக்குக்கு அப்போதும் இடம் கொடுக்கவில்லை.

கூலி விடயத்திலும் இதே நிலைதான். 1949இல் பில்போர்ட் சஞ்சிகை ‘ரேஸ்’ என்ற தலைப்பைக் கைவிட்டு ‘ரிதம் அன்ட் ப்ளூஸ்’ என்று போட்டது. பெயர் மாறியது, கணக்கு மாறவில்லை. ஆர்தர் க்ரூடப் 1946இல் பதிவு செய்த ‘தட்ஸ் ஓல் ரைட்’ பாட்டைத்தான் 1954இல் எல்விஸ் பிரெஸ்லி தனது முதல் இசைத்தட்டாகப் பாடினார். எல்விஸை உலகமே அறிந்தது. க்ரூடப்போ உரிமைப் பணத்துக்காகப் பல வருடங்கள் போராடி, நியாயமான பங்கு கிடைக்காமலேயே 1974இல் காலமானார்.

இன்னும் கிடைக்காதவையும் உண்டு. வில்லி பிரவுன் என்பவர் பரமவுண்டுக்காகப் பாடிய இசைத்தட்டு ஒன்றின் ஒரு பிரதிகூட இதுவரை அகப்படவில்லை. பட்டியலில் பெயரும் இலக்கமும் மட்டும் இருக்கின்றன.

‘கண்டுபிடிக்கப்பட்டார்’ என்று புத்தகங்கள் எழுதுகின்றன. ஆனால் ஹர்ட் தொலைந்து போயிருக்கவில்லை. அவர் தன் ஊரில்தான் இருந்தார், அயலவர் அனைவருக்கும் அவரைத் தெரியும். தட்டைச் செய்த கம்பனிக்கும் அதைச் சேகரித்தவர்களுக்கும்தான் அவர் தொலைந்திருந்தார். ஒரு ஆவணத்தைக் கையில் எடுக்கும்போது, அதில் என்ன இருக்கிறது என்பதோடு அதை உருவாக்கியவர் எங்கே போனார், அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்றும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். ஹர்ட் 1966 நவம்பரில் இறந்தார். அவருக்குக் கிடைத்தது மூன்று வருட மேடைதான். அவலோனுக்குப் போகும் வழியை அவர் 1928இலேயே பாடி வைத்திருந்தார். கேட்டுப் போவதற்குத்தான் 35 வருடம் எடுத்தது.