நவம்பர் 23-ஐ எங்கே படிப்பது?

அரசியல் நிர்ணய சபையைப் பற்றி நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் எண்களைத்தான். 1946 டிசம்பர் 9-இல் முதல் கூட்டம், 11 கூட்டத்தொடர்கள், 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். அந்த அவையில் யார் எழுந்து என்ன கேட்டார், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதைத் தேர்வு கேட்பதில்லை. ஆனால் அங்கே பேசிய பேச்செல்லாம் இன்று காசில்லாமல் இணையத்தில் கிடைக்கிறது, அதுவும் இரண்டு இடங்களில். ஒன்று, பெங்களூரில் உள்ள சட்டம், கொள்கை ஆய்வு மையம் ஒன்று நடத்தும் ‘கான்ஸ்டிட்யூஷன் ஆஃப் இந்தியா’ தளம். மற்றது, மக்களவைச் செயலகத்தின் ‘பார்லிமென்ட் டிஜிட்டல் லைப்ரரி’. அரசியலமைப்பை எழுதிய விவாதம் இரண்டிலும் அதேதான். ஆனால் ஒன்றை மட்டும் படித்த மாணவர் ஒரு வரலாற்றையும், இரண்டையும் படித்தவர் வேறொரு வரலாற்றையும் கற்றுக்கொண்டு வருகிறார். அரசியல் அறிவியல் வகுப்பில் இதைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன்.

முதலில் பெங்களூர்த் தளம். மாணவருக்கு அது செய்யும் பெரிய உதவி எண் குழப்பத்தைத் தீர்ப்பது. வரைவில் ஒரு பிரிவுக்கு இருந்த எண் வேறு, இறுதியில் அதற்குக் கிடைத்த எண் வேறு. தீண்டாமை ஒழிப்பு இன்று 17-ஆம் பிரிவு. 1948 நவம்பர் 29-இல் அவை அதை விவாதித்தபோது அது 11. அம்பேத்கர் அரசியலமைப்பின் இதயம் என்று போற்றிய 32, அன்று 25. உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் காப்பு தரும் 21, அன்று 15. இது தெரியாமல் பழைய தொகுதிகளைத் திறந்து 17-ஐத் தேடும் பிள்ளை வேறெங்கோ போய் நிற்கும். பத்து நிமிடம் தேடி, சலித்து, மூடிவிடும். பெங்களூர்த் தளத்திலோ இன்றைய எண்ணைத் தட்டினால் வரைவு எண், விவாதம் நடந்த நாள், அதன் சுருக்கம், பேச்சுகளுக்கான இணைப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. பேச்சுகளைப் பத்தி பத்தியாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறார்கள். கைப்பேசித் திரையிலும் படிக்க முடிகிறது. 1928-இன் நேரு அறிக்கை, 1935-இன் இந்திய அரசுச் சட்டம் போன்ற முன்னோடி ஆவணங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கிராம ஊராட்சி பற்றிய 40-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். 1948 நவம்பர் 4-இல் வரைவை அவையில் வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை உயர்த்திப் பேசுவதைக் கடுமையாக மறுத்தார். குறுகிய மனமும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் என்றே கிராமத்தைக் கண்டார். அடுத்த நாட்களில் உறுப்பினர் பலர் அதை எதிர்த்துப் பேசினார்கள். நவம்பர் 22-இல் சென்னை மாகாண உறுப்பினர் கே. சந்தானம், ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 31-ஏ என்ற புதிய பிரிவை முன்மொழிந்தார். அம்பேத்கர் வாதிடவில்லை, ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அமர்ந்தார். பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் 40-ஆம் பிரிவுக்குப் பின்னால் இந்தப் பதினெட்டு நாள் இருக்கிறது. 73-ஆவது திருத்தம் வந்து ஊராட்சிக்கு உயிர் கொடுக்க 1992 வரை ஏன் காத்திருக்க நேர்ந்தது என்று கேட்கும் மாணவர், அந்தப் பதினெட்டு நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெங்களூர்த் தளம் வழியாக அரை மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரலாம்.

குறை என்று பார்த்தால், அந்தச் சுருக்கங்கள்தான். நன்றாக எழுதப்பட்டவை, அதனாலேயே பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆதரித்தவர்கள் இன்னது சொன்னார்கள், எதிர்த்தவர்கள் இன்னது சொன்னார்கள், பிரிவு நிறைவேறியது என்று படித்ததும் முழுப் பேச்சுக்குள் இறங்கத் தோன்றுவதில்லை. குறிப்பு எழுதும்போதும் ஒரு கவனம் வேண்டும். பத்தி எண்கள் அந்தத் தளம் தன் வசதிக்கு இட்டவை. ஆய்வேட்டில் அவற்றோடு தொகுதி எண்ணையும் விவாத நாளையும் சேர்த்தே தர வேண்டும்.

நாடாளுமன்ற நூலகம் இப்படிக் கைபிடித்து அழைத்துப் போகாது. அச்சுத் தொகுதிகளைப் படமெடுத்த பிடிஎஃப் கோப்புகள். நாள் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். ஆனால் பெங்களூர்த் தளத்தில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

சுதந்திரத்துக்குப் பின் அரசியல் நிர்ணய சபைக்கு இரண்டு வேலைகள். ராஜேந்திர பிரசாத் தலைமையில் கூடினால் அது அரசியலமைப்பை எழுதும் அவை. 1947 நவம்பர் 17 முதல் ஜி.வி. மாவ்லங்கரைச் சபாநாயகராகக் கொண்டு கூடினால் அது நாட்டின் சட்டமன்றம். உறுப்பினர்கள் அதே ஆட்கள். அந்த நவம்பர் 26-இல் கோவைக்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தது இந்தச் சட்டமன்ற அவையில்தான். பெங்களூர்த் தளம் அரசியலமைப்பை எழுதிய அவையோடு நின்றுகொள்கிறது. சட்டமன்றமாகக் கூடிய நாட்களின் விவாதங்கள் நாடாளுமன்ற நூலகத்தில் கிடைக்கின்றன.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1948 நவம்பர் 23 ஒன்று போதும். அன்று பொது சிவில் சட்டம் பற்றிய வரைவுப் பிரிவு 35, இன்றைய 44, விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமூகத்துக்கும் தன் தனிச்சட்டத்தைக் கைவிட வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்தின் முகமது இஸ்மாயில் சாகிப், பின்னாளில் காயிதே மில்லத் என்று நாம் அழைத்தவர். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அவருக்கு மறுமொழி சொன்னார்கள். இதைப் பெங்களூர்த் தளத்தில் மட்டும் படிக்கும் மாணவர், தனிச்சட்டம் என்பது முஸ்லிம் உறுப்பினர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே மட்டும் நடந்த வழக்கு என்று முடிவுகட்டிவிடுவார். என் வகுப்பில் ஆண்டுதோறும் அப்படி எழுதுகிறார்கள்.

ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 9-இல் சட்டமன்றமாகக் கூடிய இதே அவையில் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோரினார். 1949 பிப்ரவரியில் அது மீண்டும் விவாதத்துக்கு வந்தது. மகளுக்குச் சொத்து, மணவிலக்கு, ஒருதார மணம் என்ற ஒவ்வொன்றுக்கும் அங்கே எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் மரபையும் மதத்தையும் துணைக்கு அழைத்தார்கள். மசோதா நிறைவேறாமல் இழுபட்டது. 1951-இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு 1955, 1956-இல்தான் நான்கு தனித்தனிச் சட்டங்களாக வந்தது. தனிச்சட்டத்தில் அரசு கைவைக்கலாமா என்ற கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் தயக்கம் இருந்தது என்பது, நவம்பர் 23-ஐயும் இந்த நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். பிரிவு வாரியாக அடுக்கிய தளத்தில் இது கண்ணில் படாது. அது அந்தத் தளத்தின் பிழையல்ல; அது எடுத்துக்கொண்ட வேலையின் எல்லை.

ஆகவே வழி தேட முதல் தளம், நாளைப் படிக்க இரண்டாவது என்று மாணவர்களிடம் சொல்கிறேன். ஒன்றை மட்டுமே பார்க்க முடியும், எதைப் பார்ப்பது என்று யாராவது கேட்டால், பள்ளிப் பிள்ளைக்குப் பெங்களூர்த் தளத்தையும், பட்டப்படிப்பு மாணவருக்குத் தயங்காமல் நாடாளுமன்ற நூலகத்தையும் காட்டுவேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரசியலமைப்பின் தமிழாக்கத்தை இந்திய அரசே வெளியிட்டிருக்கிறது. விவாதங்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. இந்தத் தளங்களில் நம் பிள்ளைகள் படிக்கக் கிடைப்பது ஆங்கிலப் பேச்சுகள்தாம். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் முதல் பக்கத்திலேயே மிரண்டுபோகிறார். சென்ற ஆண்டு சந்தானத்தின் நவம்பர் 22 விவாதத்தை ஆளுக்கொரு பத்தியாகப் பிரித்துக் கொடுத்துத் தமிழில் எழுதிவரச் சொன்னேன். ஊராட்சி உறுப்பினர் ஒருவரின் மகள், தன் பத்தியை வகுப்பில் படித்துவிட்டு, எங்கள் ஊர்க் கிராம சபையிலும் இதே சண்டைதான் நடக்கிறது என்றாள். இந்த ஆண்டு இஸ்மாயில் சாகிப் பேசிய நாளை எடுத்திருக்கிறோம். அதோடு இந்து சட்ட விவாதத்தில் ஒரு நாளையும்.