மூச்சைத் திரும்பப் பெறும் நேரம்: தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியரின் முடிவுரிமை

வென்டிலேட்டர் நோயாளிக்காக முழுக்க மூச்சுவிடும்போது அவருடைய உதரவிதானம் வேலையின்றிக் கிடக்கிறது. அதன் விளைவை 2008இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் லெவைன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மூளைச்சாவு அடைந்து, 18 முதல் 69 மணி நேரம் வரை கருவியின் சுவாசத்திலேயே இருந்த 14 உறுப்புக் கொடையாளர்களின் உதரவிதானத் தசையை, அறுவை சிகிச்சைக்காகச் சில மணி நேரம் மட்டும் கருவியில் இருந்த 8 பேரின் தசையோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். முதல் குழுவினரிடம் மெதுவாக இயங்கும் இழைகள் 57 சதவீதமும் வேகமாக இயங்கும் இழைகள் 53 சதவீதமும் சிறுத்திருந்தன. அதற்கு மூன்று நாள்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் நம் மருத்துவமனைகளில் சுவாச மறுவாழ்வு என்றால், நோய் தணிந்து குழாயை எடுத்த பிறகு பிசியோதெரபிஸ்ட் வந்து கற்றுத்தரும் பயிற்சி என்றே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். இழப்பு முதல் நாளிலேயே தொடங்கும்போது, மீட்சியை ஐந்தாம் நாளுக்குத் தள்ளிவைப்பதில் மருத்துவ நியாயம் இல்லை. ஆகவே எந்தப் பயிற்சி சிறந்தது என்பதைவிட, நோயாளி தானாக மூச்சுவிடத் தயாராகிவிட்டார் என்பதை முதலில் காண்பவர் யார், கண்டவுடன் செயல்பட அவருக்கு அதிகாரம் உண்டா என்பதே அடிப்படைக் கேள்வி. இருபத்துநான்கு மணி நேரமும் படுக்கையருகே இருப்பவர் செவிலியர். அந்த அதிகாரத்தை, எழுதப்பட்ட நெறிமுறையின் வரம்புக்குள், அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான சான்று புதிதல்ல. 1996இல் ஈலியும் உடன் ஆய்வாளர்களும் 300 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் இரு குழுவினருக்கும் தினசரிப் பரிசோதனை உண்டு. ஒரு குழுவில் மட்டும், தேறியவர்களுக்கு ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டுகளும் செவிலியர்களும் தன்னியல்புச் சுவாசச் சோதனை நடத்தி, வெற்றி பெற்றவர்களைப் பற்றி மருத்துவருக்குத் தகவல் தந்தார்கள். அந்தக் குழுவில் வென்டிலேட்டரில் இருந்த இடைநிலைக் காலம் 4.5 நாள், மற்றதில் 6 நாள். புதிய மருந்தோ புதிய கருவியோ எதுவும் சேர்க்கப்படவில்லை. நோயாளி தேறிவிட்டார் என்ற செய்தி தாளிலேயே தங்காமல் செயலாக மாறியது, அவ்வளவுதான். மறு ஆண்டு கோலெஃப் 357 பேரிடம் செய்த ஆய்வில், செவிலியரும் தெரபிஸ்ட்டும் நெறிமுறைப்படி விடுவித்த குழுவில் இடைநிலைக் காலம் 35 மணி நேரம். மருத்துவர் முடிவுக்குக் காத்திருந்த குழுவில் 44 மணி நேரம். 2014இல் பிளாக்வுட் தலைமையிலான காக்ரேன் மதிப்பாய்வு 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நெறிமுறை வழி விடுவித்தால் வென்டிலேட்டர் காலம் ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது என்று கண்டது.

இந்த வேலை நடைமுறையில் எப்படி இருக்கும்? காலையில் மயக்க மருந்துச் சொட்டு நிறுத்தப்படுகிறது. நோயாளி கண் திறந்து, சொன்னால் கையை இறுக்குகிறாரா என்று செவிலியர் பார்க்கிறார். ஆக்சிஜன் தேவை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறதா, ரத்த அழுத்த மருந்து குறைந்திருக்கிறதா, சளி உறிஞ்சும்போது வலுவாக இருமுகிறாரா என்று சரிபார்க்கிறார். நிமிட மூச்சு எண்ணிக்கையை, லிட்டரில் அளந்த ஒரு மூச்சின் அளவால் வகுத்தால் 105க்குக் கீழே வர வேண்டும். 1991இல் யாங்கும் டோபினும் தந்த இந்த எளிய அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பிறகு கருவியின் துணை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கப்படும், அல்லது நோயாளி கருவியிலிருந்து கழற்றப்பட்டு டி-குழாயில் தானாக மூச்சுவிட விடப்படுவார். அடுத்த அரை மணி நேரத்தில் மானிட்டரைவிடச் செவிலியரின் கண்ணே அதிகம் சொல்லும். நாசி விடைக்கிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா, மார்பு ஏறும்போது வயிறு உள்ளே போகிறதா, நெற்றி வியர்க்கிறதா? எண்கள் கெடுவதற்கு முன்பே இந்த அறிகுறிகள் தோன்றிவிடுவதுண்டு. காலையில் ஒருமுறை வந்து போகும் ரவுண்ட்ஸில் இவை அகப்படுவது அரிது.

மயக்க மருந்தை நிறுத்துவதும் மூச்சைச் சோதிப்பதும் ஒன்றாக இணைந்தால் பலன் கூடுகிறது. 2008இல் ஜிரார்ட் குழுவினர் 336 பேரிடம் இதைச் செய்தபோது, கருவியின்றிக் கழிந்த நாள்கள் 28 நாளில் 11.6இலிருந்து 14.7ஆக உயர்ந்தன; ஓராண்டு முடிவில் இறப்பும் குறைந்தது. மூச்சுப் பயிற்சியின் மற்ற கூறுகளும் செவிலியரின் கையில்தான் இருக்கின்றன. தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை உயர்த்துவது, புரட்டிப் படுக்கவைத்துச் சளியை வெளிக்கொணர்வது, ஆழ்ந்து இழுத்து இருமச் செய்வது, கட்டில் விளிம்பில் உட்காரவைப்பது எல்லாம் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவை. உள்ளிழுக்கும் தசைக்குத் தடை கொடுத்துப் பலப்படுத்தும் பயிற்சியும் உண்டு. விடுவிக்க முடியாமல் தவித்த 69 பேரிடம் மார்ட்டின் குழு 2011இல் செய்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் விடுபட்டார்கள். மற்றவர்களில் 47 சதவீதம். சிறிய ஆய்வுதான், திசையைக் காட்டுகிறது, உறுதியைத் தரவில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது 2004இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிருஷ்ணன் குழு செய்த ஆய்வு. மருத்துவர்கள் போதிய எண்ணிக்கையில் எப்போதும் உடனிருந்த அந்தப் பிரிவில், நெறிமுறை தனியாக எந்தப் பயனும் தரவில்லை. இதைக் காட்டி முழு வாதத்தையும் மறுப்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகவே படுகிறது. நோயாளியைச் சரியான நேரத்தில் கவனிக்க யாராவது எப்போதும் இருந்தால் நெறிமுறை தேவையில்லை என்பதே அந்த ஆய்வின் செய்தி. இரவில் ஒரே மருத்துவர் இரண்டு மூன்று பிரிவுகளைப் பார்க்கும் இடத்தில் அந்த வசதி கிடையாது. அங்கே எப்போதும் இருப்பவர் செவிலியர்தான்.

பாதுகாப்பு பற்றிய அச்சமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஜிரார்டின் ஆய்வில் விழித்திருந்த குழுவில் 16 பேர் குழாயைத் தாங்களே பிடுங்கிக்கொண்டார்கள். மறுகுழுவில் 6 பேர். ஆனால் மீண்டும் குழாய் போட வேண்டியவர்களின் விகிதம் இரு குழுக்களிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பிடுங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் குழாய் ஏற்கெனவே தேவையற்றதாகியிருந்தது என்றே இதைப் படிக்க வேண்டும். கூடுதல் கண்காணிப்பு தேவை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

2022இல் வெளியான டீம் ஆய்வின் எச்சரிக்கை வேறு வகை. 750 பேரில் பாதிப் பேருக்கு உடலியக்கப் பயிற்சியை நாளொன்றுக்குச் சுமார் 21 நிமிடமாக உயர்த்தினார்கள். வழக்கமான சிகிச்சையில் அது சுமார் 9 நிமிடம். 180 நாளில் பலன் ஏதும் கூடவில்லை. இதயத் துடிப்புக் கோளாறு, ஆக்சிஜன் சரிவு போன்ற பாதகங்கள் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாயின. ஆகவே ‘அதிகம் செய்தால் நல்லது’ என்ற உற்சாகத்தை நானும் ஏற்கவில்லை. அந்த ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவும் சும்மா படுத்திருக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அசைவே இல்லாத பிரிவுகளுக்கு இந்த முடிவு சாக்காகாது. தொடங்கும் அதிகாரம் தரும்போது நிறுத்தும் அதிகாரமும் தரப்பட வேண்டும் என்பதே அதிலிருந்து நெறிமுறை எடுத்துக்கொள்ள வேண்டியது. நிமிடத்துக்கு 35 மூச்சைத் தாண்டினால், ஆக்சிஜன் செறிவு 88 சதவீதத்துக்குக் கீழே சில நிமிடம் தங்கினால், யாரையும் கேட்காமல் செவிலியர் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான தடை ஆள்பலம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்ற தனித் தொழில் வேரூன்றவில்லை. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பதே அங்கே நெறி. அமெரிக்க ஆய்வுகளில் தெரபிஸ்ட் பாதி வேலையைச் செய்தார். இந்தியாவில் பெரும்பாலான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தெரபிஸ்டும் இல்லை, ஒருவருக்கு ஒருவர் என்ற விகிதமும் இல்லை. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து எய்கென் குழு 2014இல் ‘லான்செட்’டில் எழுதியபடி, செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. மூன்று வென்டிலேட்டர்களுக்கு இடையே ஓடுகிற ஒருவரிடம் மூச்சுச் சோதனையையும் சுமத்தினால், நெறிமுறை பதிவேட்டில் மட்டும் நடக்கும். இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென்று இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை வகுத்திருக்கிறது. படித்து வருபவர்களுக்கு வார்டில் முடிவெடுக்கும் உரிமையைத் தராவிட்டால் அந்தப் படிப்பால் நோயாளிக்குப் பயன் சொற்பம்.

மருத்துவமனை நிர்வாகங்கள் இப்போதே செய்யக்கூடியவை மூன்று. வென்டிலேட்டர் படுக்கைகளில் இரண்டு நோயாளிகளுக்கு மேல் ஒரு செவிலியரிடம் விடாதீர்கள். தினமும் காலையில் மயக்க மருந்து நிறுத்தமும் மூச்சுச் சோதனையும் செவிலியரே தொடங்கலாம் என்ற நெறிமுறையைத் துறைத் தலைவர் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டட்டும். சோதனை நடக்காத நாளில் ஏன் நடக்கவில்லை என்ற காரணம் அன்றே கேஸ் ஷீட்டில் எழுதப்படட்டும்.