புத்தகத்தின் விலை யார் கையில்?

ஓய்வு பெற்ற பிறகு எழுத உட்கார்ந்தவர்கள் நம்மில் பலர். எழுதியதைப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ மின்னூலாக ஏற்றித் தருகிறார்கள். 'விலை என்ன போடுவது?' என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. சிலர் கூச்சத்தில் மிகக் குறைவாகப் போடுகிறார்கள். சிலர் பட்ட பாட்டை நினைத்து மிக அதிகமாகப் போடுகிறார்கள். இந்தக் கேள்வி பழையது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், பிரான்சில் இதற்கு என்னென்ன விடை கண்டார்கள் என்று சொல்கிறேன்.

1830களில் பாரிசில் ஒரு புது நாவலின் ஒரு பாகம் 7.50 பிராங்க். பெரிய எழுத்தில், அகன்ற ஓரம் விட்டு, ஒரே கதையை இரண்டு பாகமாக அச்சிடுவார்கள். ஆக 15 பிராங்க். சாதாரணத் தொழிலாளியின் நாட்கூலியோ மூன்று, நான்கு பிராங்க். எனவே வாடகைக்குப் புத்தகம் தரும் வாசகசாலைகளே பெரும்பாலும் வாங்கின. பிரஸ்ஸல்ஸ் அச்சகத்தார் அதே நூல்களை அனுமதி இல்லாமல் அச்சிட்டு மலிவாக விற்றார்கள். அதில் ஆசிரியருக்குக் காலணா வரவில்லை.

1838இல் ழெர்வே ஷார்பாந்தியே என்ற பதிப்பாளர் துணிந்தார். சிறிய வடிவம், நெருக்கமான எழுத்து, இரண்டு பாகத்துச் சரக்கு ஒரே நூலில், விலை 3.50 பிராங்க். மற்றவர்களும் அவர் வழிக்கு வந்தார்கள். 1850களின் நடுவில் மிஷெல் லெவி ஒரு பாகத்தை 1 பிராங்குக்கே கொடுத்தார்.

வாசகனுக்கு இது நல்ல காலம். எழுத்தாளனுக்கு? குஸ்தாவ் ஃப்ளோபேர் ஐந்தாண்டு உழைத்து எழுதிய 'மதாம் பொவாரி'யின் உரிமையை, ஐந்தாண்டுக் காலத்துக்கு 800 பிராங்குக்கு லெவி வாங்கினார். 1857இல் நூலின் மீது நடந்த வழக்கே பெரிய விளம்பரமாயிற்று. நூல் அமோகமாக விற்றது. ஃப்ளோபேருக்குப் பிறகு கிடைத்தது கூடுதலாக ஒரு 500 பிராங்க்தான். மலிவு விலையில் தவறில்லை. ஒவ்வொரு பிரதிக்கும் தன் பங்கு என்று அவர் எழுதி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தகராறு கடைக்காரர்களோடு. 1970களில் ஃப்னாக் போன்ற பெரிய கடைகள் 20 விழுக்காடு வரை தள்ளுபடி தந்ததால் சிறிய புத்தகக் கடைகள் தள்ளாடின. அமைச்சர் ஜாக் லாங் பெயரால் வழங்கும் 1981 ஆகஸ்ட் 10ஆம் தேதிச் சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டது. விலையைப் பதிப்பாளரே குறிக்க வேண்டும். கடைக்காரர் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக் கூடாது. 2011 மே 26ஆம் தேதி வந்த இன்னொரு சட்டம், மின்னூலுக்கும் பதிப்பாளர் குறித்த விலையே எங்கும் விலை என்றது.

தானே பதிப்பிக்கும் எழுத்தாளர் இன்று ஷார்பாந்தியேவும் ஃப்ளோபேரும் ஒருங்கே ஆனவர். எனவே இரண்டு பேர் கணக்கையும் அவரே போட வேண்டும். அமேசானின் அமெரிக்கக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2.99 டாலரிலிருந்து 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 விழுக்காடு ஆசிரியருக்கு உண்டு. அந்த எல்லைக்கு வெளியே போனால் 35தான். 1.99 டாலருக்கு விற்றால் கிடைப்பது சுமார் 70 சென்ட். 2.99க்கு விற்றால், கோப்பை அனுப்பும் சிறு கட்டணம் போக, ஏறக்குறைய 2 டாலர். 9.99க்கு 7 டாலருக்குச் சற்றுக் குறைவு. 10.99 என்று உயர்த்தினாலோ 3.85க்கு இறங்கிவிடும்! விலை ஏறுகிறது, வரவு பாதியாகிறது.

ஆகையால் நண்பர்களே, முதலில் பங்கு எத்தனை விழுக்காடு, எந்த எல்லைக்குள் என்று விதியைப் படியுங்கள். பிறகு அந்த எல்லைக்குள், உங்கள் வாசகர் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய தொகையை வையுங்கள். சிறிய நூலுக்கு எல்லையின் அடிப்படி போதும். ஒரு கடையில் ஒரு விலை, இன்னொன்றில் வேறு விலை வேண்டாம். ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ மொத்தமாக எழுதிக் கொடுக்கும்படி யாராவது கேட்டால், கையெழுத்துப் போடுமுன் அந்த 800 பிராங்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.