யாரும் ஊர் கேட்காத ஊர்

கொங்கு நாட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால், பெயருக்கு முன்னால் ஊர் வந்து நிற்கும். "எந்த ஊருங்க?" என்று கேட்டுப் பதில் வாங்கினால் போதும். அடுத்து கூட்டம் என்கிற குலப்பிரிவு, குலதெய்வம், அந்த ஊரில் யாருக்குப் பெண் கொடுத்திருக்கிறது என்று பேச்சு நூல் பிடித்துப் போகும். டீ ஆறுவதற்குள் இருவரும் ஏதோ ஒரு வகையில் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ ஆகியிருப்பார்கள். அன்பான பழக்கம்தான். ஆனால், ஆணாக இருந்து ஆணையே விரும்புகிறவருக்கும், ஆணுடலில் பெண்ணாக உணர்கிறவருக்கும் இந்த அன்பே பெரும் சங்கடம். பல்லடத்தில் ஒருவனோடு சிரித்துப் பேசினால், பொழுது சாய்வதற்குள் காங்கேயத்தில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் இவர்களுடைய பயணங்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் பெரிதாக உதவவில்லை. ஊர்க்காரர்கள் போகிற இடத்துக்கே போய் என்ன பயன்? தங்களைத் தெரிந்தவர் எவரும் எட்டிப்பார்க்காத ஓர் ஊர் வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த ஊர்களில் முதன்மையானது, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கரும்பும் நெல்லும் விளையும் வயல்களுக்கு நடுவில் கிடக்கிற கூவாகம். கோவையில் பஸ் ஏறி, பெருந்துறை, பவானி, சங்ககிரி கடந்து சேலம். அங்கிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்ப்பேட்டை. ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த அந்தக் கிராமம், 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டம் இரண்டு முறை மாறியும், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்காக அங்கே போய்ச் சேரும் கூட்டம் மாறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கூவாகத்தில் கூத்தாண்டவர் என்ற பெயரில் குடியிருக்கும் அரவான் கொங்கு நாட்டுக்குப் புதியவரல்லர். கோவை சிங்காநல்லூரிலும் குறிச்சியிலும் அரவானுக்குப் பண்டிகை நடக்கிறது. சித்திரையில் அல்ல, தீபாவளி முடிந்த பிறகு. மகாபாரத வழிபாடுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் கூவாகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் சிங்காநல்லூர் கூத்தாண்டவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு, பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற அர்த்தநாரீசுவரர் திருச்செங்கோட்டு மலையின் உச்சியிலேயே இருக்கிறார். கொங்குச் சீமை முழுக்க அவருக்குத் தேர் இழுக்கப் போகிறது. சாமிக்குக் குறைவில்லை. ஆனால் சிங்காநல்லூர்ப் பண்டிகையில் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் சொந்தக்காரர்கள், மில்லில் உடன் வேலை செய்பவர்கள், பக்கத்து வீட்டார். அவர்கள் நடுவே ஒருவர் புடவை கட்டி நிற்க முடியாது. சாமியை வீட்டருகே வைத்துக்கொண்டு 300 கிலோமீட்டர் போனது, தன்னைப் போன்ற நாலு பேரைப் பார்ப்பதற்கும், தன்னை அறிந்த நாலு பேர் பார்க்காமல் இருப்பதற்கும்தான்.

அரவான் கதை தமிழருக்குப் பழையது. அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான், பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலி ஆனதை ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவே சொல்கிறது. சாவதற்கு முன் மணமுடிக்க வேண்டும் என்று அவன் கேட்டதும், விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யாரும் பெண் தராததும், கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியானதும் கோயில் மரபு வளர்த்த கதை. கூவாகத்தின் பதினெட்டு நாள் திருவிழா இந்த ஓரிரவை நோக்கித்தான் நகர்கிறது.

அந்த இரவில் கோயிலுக்கு வெளியே கற்பூரம் குவியல் குவியலாக எரிகிறது. அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொள்ள வரிசையில் நிற்பவர்கள் கையில் மஞ்சள் கயிறு. பூசாரி ஒவ்வொருவர் கழுத்திலும் முடிச்சுப் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கட்டி முடித்தவர்கள் வெளியே வந்து கும்மியடிக்கிறார்கள். காலையில் தேர் கட்டும் வேலை தொடங்கும். அரவானின் தலை மரத்தால் ஆனது. உடலின் மற்ற பகுதிகளைச் சுற்றுவட்டக் கிராமங்கள் பங்குபோட்டுக் கொண்டுவருகின்றன. வைக்கோலும் பூமாலையுமாக உயர்ந்து நிற்கும் அந்த உருவம் அழுகளத்தை அடைந்ததும் தாலி அறுக்கப்படுகிறது, வளையல் உடைக்கப்படுகிறது. குளித்து வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். ஒப்பாரி அங்கே சடங்குக்காகத் தொடங்கும். அழுகிறவர்கள் தங்கள் சொந்தக் கதைகளையும் அதில் சேர்த்து அழுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் உணரலாம்.

வந்து சேர்பவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். நேர்ந்துகொண்டு தாலி கட்டிக்கொள்ளும் உள்ளூர் ஆண்களும் சிறுவர்களும் உண்டு. ஜமாத் என்னும் தங்கள் குழுவோடும் குருவோடும் வரும் திருநங்கைகள் கூட்டத்தின் நடுநாயகம். இந்த இரு வகையினருக்கும் இடையில் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. வருடம் முழுக்க பேண்ட் சட்டையில் ஆண்களாக வேலைக்குப் போகிறவர்கள். சிலருக்கு மனைவி, பிள்ளைகள்கூட உண்டு. தங்களுக்குள் கோத்தி என்று அழைத்துக்கொள்ளும் இவர்களில் பலர் அந்த ஓரிரவு மட்டும் புடவை கட்டுகிறார்கள், அல்லது கட்டாமலே தங்கள் காதலனோடு பயமில்லாமல் நடக்கிறார்கள். அச்சில் திருநங்கைகளின் கதை வந்த அளவுக்கு இவர்களுடைய கதை வரவில்லை. மறைந்திருப்பதே இவர்களுடைய பயணத்தின் நோக்கம் என்பதால் அப்படித்தான் இருக்கும்.

மேல்நாட்டில் இதே தேவை வேறு விதமாக நிறைவேறியது. அமெரிக்காவில் 1960களில் பாப் டேமரன், கே ஆண்கள் அச்சமின்றிப் போகக்கூடிய மதுக்கடைகளின் முகவரிகளைச் சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு நூலாக அச்சிட்டார். 1970இல் வெளிவரத் தொடங்கிய 'ஸ்பார்ட்டகஸ்' வழிகாட்டி உலகம் முழுவதற்கும் அதைச் செய்தது. அதற்கும் முன்னால், ஆண்களை விரும்பிய ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டர் 1890இல் தன் கேம்பிரிட்ஜ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தேடி இலங்கைக்குக் கப்பலேறி, அங்கிருந்து தமிழகத்துக்கும் வந்தார். வசதியுள்ள ஐரோப்பியருக்குத் தொலைதூரம் என்றால் கடல் கடந்த நாடு. நாமக்கல், ஈரோட்டுக்காரருக்கு அது மாவட்ட எல்லை தாண்டிய ஒரு கிராமம். அவரிடம் அச்சிட்ட வழிகாட்டியும் கிடையாது. எந்த பஸ்ஸில் போவது, எந்த வீட்டுத் திண்ணையில் படுக்கலாம், எந்தத் தெருவில் போலீஸ் தொல்லை என்பதெல்லாம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனது.

இந்த வாய்வழிப் பாதையை எழுத்தில் வைத்தவர்களில் முக்கியமானவர் திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி, நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தன்வரலாறு 2010இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும், பின்னர் 'வெள்ளை மொழி' என்று தமிழிலும் வந்தது. தன்னைப் போன்றவர்களைத் தேடி வீட்டை விட்டு ரயிலேறி டெல்லிக்குப் போனதும், பிறகு மும்பைக்குப் போனதும், வீட்டார் திரும்பக் கொண்டுவந்து அடித்ததும், மறுபடி கிளம்பியதும் அதில் இருக்கின்றன. அவருடைய பயணங்கள் ஒவ்வொன்றும் ஊரைவிட்டு இன்னும் தள்ளிப் போகின்றன. ஆனாலும் நாமக்கல் வீடு அவரை விடுவதில்லை. சொத்து, பங்கு, அண்ணன் தம்பி என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. கொங்கு மண்ணின் குடும்ப அமைப்பை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய தன்வரலாறுகள் குறைவு.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பிறகு, கூவாகத்தின் முகம் மாறத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை தானாகக் கூடும் இந்தக் கூட்டம் சுகாதாரத் துறைக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பு. ஆணுறை வழங்கும் மேசைகள், பரிசோதனை முகாம்கள், விழுப்புரத்தில் கருத்தரங்குகள், அதை ஒட்டி 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டி என்று திருவிழா நகரத்துக்குள் நீண்டது. விழுப்புரம் லாட்ஜுகளில் அந்த வாரம் வாடகை எகிறும். 1998இல் சென்னையில் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகள், திருநங்கைகளோடு கோத்திகளுக்கும் தனியே உதவி தேவை என்பதை எடுத்துச் சொல்லின. தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. ஆண்களை விரும்பும் ஆண்களோ அப்போதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றவாளிகள். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுவித்து, 2013இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டிப்போட்டு, 2018 செப்டம்பர் 6 அன்றுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

கோவையும் அதற்குள் கொஞ்சம் அசைந்திருந்தது. 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையிலிருந்து ஒளிபரப்பான லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். திருநங்கை ஒருவர் அன்றாடச் செய்தி வாசிப்பாளரானது நாட்டுக்கே புதிது. சேலத்தில் வளர்ந்த திருநங்கை பிரித்திகா யாஷினி, நீதிமன்றம் வரை போராடி 2017இல் காவல் உதவி ஆய்வாளர் ஆனார்.

கூவாகமோ முன்போல ஒதுக்குப்புறமாக இல்லை. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் திருவிழா நின்றது. அதன் பின் திரும்பிய கூட்டத்தோடு கேமராக்களும் திரும்பின. யூடியூப் சேனல்கள், வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள், கையில் போனோடு வேடிக்கை பார்க்க வரும் இளைஞர்கள். ஜமாத்தோடு வரும் திருநங்கைக்கு இது சில நேரம் தொல்லை, சில நேரம் மேடை. ஓரிரவுக்கு மட்டும் வரும் தாராபுரத்துக்காரருக்கு ஒரு நிமிட வீடியோ போதும், மறுநாள் காலை அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். கடலூர் மாவட்டக் கொத்தட்டையிலும் புதுச்சேரிப் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவருக்கு இதேபோலத் தாலி கட்டும் விழாக்கள் உண்டு. கூவாகத்தை விடச் சிறியவை, பெயரும் அவ்வளவாக வெளியே தெரியாதவை. கோவையிலிருந்து அங்கே போக இன்னும் கொஞ்சம் கூடுதலாக பஸ்ஸில் உட்கார வேண்டும்.