நீரின்றிப் பிரித்தல்: வன்னிக் களமும் கொக்கிளாய்க் கரையும்

வன்னியின் வரலாறு பெரும்பாலும் குளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீரைத் தேக்குவதில் வல்லவரான அம்மக்கள், நீரைத் தொடாமலே ஒன்றினின்றும் மற்றொன்றைப் பிரிக்கவும் அறிந்திருந்தனர். சூடு மிதித்தபின் உழவன் சுளகை உயர்த்திக் காற்றுவாக்கில் தூற்றுவான். பாரமான மணி காலடியிற் குவியும். பதர் அப்பாற் பறக்கும்.

மேனாட்டு நிலக்கரித் தொழில் கையாண்டதும் இந்நியதியே. கரியின் அடர்த்தி ஏறத்தாழ 1.3, அதனோடு கலந்த கல்லினது 2.5 அளவு. 1920களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பயன்பட்ட காற்றுமேசைகளில், துளையிட்ட அதிரும் தட்டின் கீழிருந்து காற்றுச் செலுத்தப்பட்டது. கரி மேலெழுந்தது, கல் தட்டோடு தங்கியது. நீரிற் கழுவிய நுண்கரி ஈரத்தை எளிதில் விடாது. அதனை உலர்த்தவே எரிபொருள் செலவாகும். ஆயினும் கரி மாவாகிவிட்டாற் காற்றும் கைகொடாது. கரித்தூளும் கற்றூளும் ஒருங்கே பறக்கும். ஆகவே ஆய்வாளர் மின்னை நாடினர். செப்பில் உராயும்போது கரித்துகள் நேரேற்றமும் கனிமத்துகள் மறையேற்றமும் பெறும். மின்புலத்தில் அவை எதிரெதிர்த் திசைகளில் விலகும்.

வன்னியில் நிலக்கரி இல்லை, கனிமணல் உண்டு. முல்லைத்தீவின் தென்கோடியில் கொக்கிளாய்க் களப்பின் இருமருங்கும் கருமணல் படிந்துள்ளது. களப்புக்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் அதனை அகழ்வதற்கென இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் 1957இல் நிறுவப்பட்டது. தூற்றலிலேயே இவையனைத்தும் அடக்கம் என்று பெருமை பேசுவோரை இம்மணல் மறுக்கின்றது. இல்மனைற்றின் அடர்த்தி 4.7, சிர்க்கனினது 4.6, எந்தக் காற்று இவற்றைப் பிரிக்கும்? கடலுப்புப் போகக் கழுவி உலர்த்திய மணலிலிருந்து இல்மனைற்றைக் காந்தம் ஈர்த்தெடுக்கும். எஞ்சியவற்றுள் உருத்தைல் மின்னைக் கடத்தும், சிர்க்கன் கடத்தாது. அவ்வேறுபாடே அவ்விரண்டையும் பிரிக்கின்றது. சுளகு அறியாத நுட்பம் இது என்பதை ஒப்புக்கொள்வதால் உழவனுக்கு இழுக்கில்லை.

வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. தூற்றிய நெல் தூற்றியவன் வீட்டைச் சேர்ந்தது. பிரித்த இல்மனைற்றோ பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறிற்று. அதிலிருந்து வெண்ணிறச் சாயம் செய்தோர் பிற நாட்டார். 1997இல் புல்மோட்டைக்கு அப்பால் 'கோர்டியாலிற்றி' என்னும் கப்பல் தாக்கப்பட்டதோடு அவ்வேற்றுமதியும் தடைப்பட்டது. களப்பின் வடகரை ஊரவர் அதற்கு முன்பே, 1984இல், இடம்பெயர்ந்துவிட்டனர். 2009இற் போர் முடிந்து அவர்கள் மீண்டு வந்தபோது, அம்மணற்கரை அவர்களுக்குக் கரைவலை இழுக்கும் பாடு. கனிமத் தொழிலுக்கோ அகழத்தக்க படிவு.