தனித் தட்டு, தனி டம்ளர்: சேத்துப்பட்டில் நடந்த ஒரு ஆராய்ச்சியின் கதை

கடற்கரை - தாம்பரம் எலக்ட்ரிக் டிரெயினில் போய் வருபவர்களுக்கு "தாம்பரம் சானடோரியம்" ஸ்டேஷன் நல்லா பழக்கம். பலர் அதை ஒரு ஏரியா பெயர் என்றுதான் நினைத்திருப்பார்கள். அது ஒரு ஆஸ்பத்திரியால் வந்த பெயர். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் அது. 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. இன்றும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது.

சானடோரியம் என்றால் என்ன? டிபி வந்தவரை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு கொடுத்து மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வைத்திருக்கும் இடம்.

இந்த நீண்ட பதிவு அந்தப் "பிரித்து" என்ற வார்த்தையைப் பற்றியது.

காலையில் வாசலில் உட்கார்ந்து ஒரு டீ. பக்கத்து வீட்டுக்காரரோடு வெட்டிப் பேச்சு. ராத்திரி மிச்சமான மீன் குழம்பைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை மடியில் வந்து விழுவது. நம்மில் பெரும்பாலானோரின் சந்தோஷம் இவ்வளவுதாங்க. இதையெல்லாம் விட்டுவிட்டு வந்தால்தான் நோய் குணமாகும் என்று மருத்துவ உலகம் சுமார் நூறு வருடம் நம்பியது. அந்த நம்பிக்கை சரியா என்று முறைப்படி சோதித்துப் பார்த்தது நம்ம சென்னை. இதைப் படித்துவிட்டு நாளைக்கு சேத்துப்பட்டு பக்கம் போனால் கொஞ்சம் பெருமையோடு போங்க.

முதலில் பழைய கதை.

1850களில் ஹெர்மன் பிரெமர் என்ற ஜெர்மன் மருத்துவர், சைலீஷியா மலைப்பகுதியில் (இன்று அது போலந்து) டிபிக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். அவரிடம் நோயாளியாக வந்து தேறியவர்தான் டெட்வைலர் என்ற இன்னொரு மருத்துவர். குரு நடக்கச் சொன்னார், சிஷ்யர் படுக்கச் சொன்னார். வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு, நோயாளிகளை மணிக்கணக்கில் அசையாமல் படுக்க வைக்கும் முறை டெட்வைலருடையது. அதுதான் உலகம் பூரா பரவியது.

போகப் போக விதிகள் இறுகின. அமெரிக்க எழுத்தாளர் பெட்டி மெக்டொனால்டு 1930களின் கடைசியில் சியாட்டில் நகர சானடோரியம் ஒன்றில் இருந்தார். அந்த அனுபவத்தைப் பிறகு புத்தகமாகவே எழுதினார். புதிதாக வந்த நோயாளி படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பேசக் கூடாது, பாடக் கூடாது. சிரிக்கவும் கூடாது. ஆமாங்க, சிரிப்புக்குத் தடை. நுரையீரலுக்கு ஓய்வு தரணுமாம்.

அந்த டாக்டர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் கையில் மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஐசோனியசிட் 1952இல்தான் டிபிக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. மருந்து இல்லாதவர் கையில் இருந்ததெல்லாம் விதிகள் மட்டும்தான்.

ஆனால் அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி பேசிய ஒரு ஆள் இருந்தார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்.

1860இல் வெளிவந்த அவருடைய செவிலியர் குறிப்புகள் நூலை விளக்கேந்திய சீமாட்டி என்ற பள்ளிக்கூடப் பாடத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். காய்ச்சலில் கிடப்பவர்கள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கொத்துப் பூவைப் பார்த்து எப்படி மலர்ந்து போவார்கள் என்று எழுதுகிறார். தான் நோயில் கிடந்தபோது யாரோ காட்டுப்பூ கொஞ்சம் அனுப்பியதாகவும், அதிலிருந்து வேகமாகத் தேறியதாகவும் சொல்கிறார். படுத்திருப்பவருக்கு ஜன்னல் வழியே வெளியே தெரிய வேண்டும், வருடக்கணக்கில் அறைக்குள் கிடப்பவருக்குக் கூண்டில் ஒரு பறவை இருந்தால்கூடப் பெரிய ஆறுதல் என்கிறார். இதெல்லாம் மனசுக்கு மட்டும்தானே என்று கேட்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறார்: உடம்புக்கும்தான் என்று.

ஜன்னல் விஷயத்தை 1984இல் ரோஜர் அல்ரிச் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் கேஸ் ஷீட்டுகள். 23 பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரம், 23 பேருக்கு செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், இதை வைத்து வேப்பமரம் நட்டால் ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம் என்று யாரும் ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள்.

சரி, சென்னைக்கு வருவோம்.

1950களின் நடுப்பகுதி. மருந்து வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் டிபி நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் சானடோரியப் படுக்கைகள் கடலில் கரைத்த பெருங்காயம். எல்லோருக்கும் படுக்கை கட்டுவது நடக்கிற காரியமில்லை. அப்படியானால் நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்?

இன்று சாதாரணமாகத் தெரிகிற இந்தக் கேள்வி அன்று ஆபத்தானது. காரணம், வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு? சென்னையின் ஏழை மக்கள் வாழ்ந்த நெருக்கடியான குடியிருப்புகள். ஒரே அறையில் குடும்பம் முழுக்க. சாப்பாடு அரைகுறை. ஓய்வு என்ற பேச்சே இல்லை. இருமும் அப்பா பக்கத்தில் குழந்தைகள். நோயாளிக்கும் குணமாகாது, வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் நியாயமானதுதான்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஐசிஎம்ஆர், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அதே மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரும் தேர்வு செய்யவில்லை, நோயாளியும் தேர்வு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கல் மாதிரி சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸ் என்ற மருந்தும், ஒரு வருடத்துக்கு. பாஸ் மருந்தை அனுபவித்த பழைய ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு கிராம் கணக்கில் விழுங்கணும், வயிற்றைப் புரட்டும்.

வீட்டில் இருப்பவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? அதற்கும் ஏற்பாடு இருந்தது. சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் எடுத்துப் பரிசோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், வீட்டில் விட்டார்கள் என்றால் கைவிட்டார்கள் என்று அர்த்தமாகிவிடக் கூடாது. ஆஸ்பத்திரி அவர்கள் வீட்டுக்கு நடந்து போனது.

1959இல் முடிவு வெளியானது.

ஒரு வருடத்தின் முடிவில் நோய் அடங்கிய நிலைக்கு வந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். நல்ல படுக்கை, நர்ஸ், ஓய்வு, சத்தான சாப்பாடு எல்லாம் ஒரு பக்கம். ஒண்டுக் குடித்தனம் மறுபக்கம். வித்தியாசம் இவ்வளவுதான். சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் கூடினார்கள், உண்மை. ஆனால் கிருமி ஒழிவதற்கு அந்த எடை அவசியமாக இருக்கவில்லை.

அடுத்ததுதான் பெரிய செய்தி. வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாரைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். நோயாளியைப் பிரித்து வைத்த குடும்பங்களைவிட இவர்களுக்கு டிபி அதிகம் வரவில்லை. ஏன்? தொற்றின் பெரும்பங்கு நோய் கண்டுபிடிக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து உள்ளே போன பிறகு பரவும் வேகம் மளமளவென்று குறைந்துவிடுகிறது.

அதன் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு மருத்துவமனைகளாக மாறின. பணக்கார நாடுகளில் அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற தைரியத்துக்கு ஆதாரம் கொடுத்தது சென்னை ஏழைகளின் வீடுகள்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சந்தோஷமாக இருந்ததால் வீட்டு நோயாளிகள் குணமானார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அங்கே யாரும் சந்தோஷத்தை அளக்கவில்லை, சளியில் இருக்கும் கிருமியைத்தான் அளந்தார்கள். கிருமியைக் கொன்றது மாத்திரை. அப்பாவையும் பிள்ளையையும் ஒரு வருடம் பிரிக்காமலேயே அந்த மாத்திரை வேலை செய்யும் என்பதைத்தான் ஆய்வு காட்டியது. எனக்கு இதுவே போதுமான அளவு பெரிய விஷயமாகப் படுகிறது. சாப்பாடு முக்கியமில்லை என்றும் புரிந்துகொள்ள வேண்டாம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், டிபி நோயாளியின் குடும்பத்துக்குச் சத்தான உணவுப் பொருட்கள் கொடுத்தபோது அந்தக் குடும்பத்தில் புதிதாக டிபி வருவது கணிசமாகக் குறைந்தது.

அதே 1959இல் லண்டனில் இன்னொரு அறிக்கை வெளியானது. அதையும் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

அன்றைய பிரிட்டனில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அம்மா வாசலோடு திரும்பிவிட வேண்டும். 1949 வாக்கில் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு 2 மணி முதல் 4 மணி வரைதான் பார்க்கலாம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் ஒரு மாதம் பார்க்கவே முடியாது. ராத்திரி குழந்தை தூங்கும்போது வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு தடவை படிங்க. தூங்கும்போது.

சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. தொற்று வரும். அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் "செட்டில்" ஆகிவிடுகிறது.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளருக்கு அந்த "செட்டில்" மேல் சந்தேகம். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை கேமராவில் எடுத்தார். தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் குறித்த நேரத்தில் படம் பிடித்தார். அந்தப் பிள்ளை பெரிதாக ஒன்றும் அழவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு கரடி பொம்மையும் ஒரு போர்வைத் துணியும்தான் அவளுக்குத் துணை. நாளாக ஆக முகம் மட்டும் வாடுகிறது. அடங்கிப் போனதைத்தான் பெரியவர்கள் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது திரையில் தெரிந்தது. 1952இல் டாக்டர்கள் முன்னால் போட்டுக் காட்டியபோது அரங்கில் பலருக்குக் கோபம் வந்தது. ஏழு வருடம் கழித்து பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தையோடு அம்மா தங்கலாம் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வர இன்னும் பல வருடம் பிடித்தது வேறு கதை.

நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில் இந்தப் பிரச்சினை தலைகீழ். ஒரு பேஷன்ட்டுக்கு நாலு பேர் கூட வருவார்கள். தூக்குவாளியில் ரசம் சாதம் வரும். பெட்டுக்குக் கீழே பாய் விரித்து அம்மா படுத்திருப்பார். ரவுண்ட்ஸ் போகும்போது "கூட்டத்தைக் குறைங்கம்மா" என்று கத்தாத டாக்டர் கிடையாது, நானும் கத்துவேன், ஐசியூ வாசலில் கத்தியே ஆகணும். ஆனால் லண்டன் கமிட்டி போட்டு எழுதிக் கொடுத்ததை நம்ம அம்மாக்கள் பாஸ் இல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

சேத்துப்பட்டு முடிவு வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டிபி மாத்திரை கொடுக்கும்போது இன்றைக்கும் என்னிடம் வரும் கேள்விகள் இவை: "தனித் தட்டு வெச்சுக்கணுமா சார்?" "டம்ளரைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்க, அப்படியே இருக்கட்டுமா?" "பேரனைத் தூக்கலாமா?" கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது பெரும்பாலும் நம்ம முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

பதில்.

டிபி காற்றில் பரவும். தட்டில் பரவாது, டம்ளரில் பரவாது, துணியில் பரவாது. எல்லோரும் சாப்பிடும் தட்டிலேயே சாப்பிடலாம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். டீ குடிக்கலாம். இருமும்போது வாயை மூடுங்க, முதல் சில வாரம் மாஸ்க் போடுங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க. மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க. பேரனைத் தூக்குவதற்கு மருந்து தொடங்கி குறைந்தது இரண்டு வாரம் பொறுங்க. சளி ரிசல்ட் பார்த்து உங்கள் டாக்டர் சொல்வார். மருந்துக்குக் கட்டுப்படாத வகை டிபி என்றால் இந்தக் கணக்கு மாறும், அதையும் அவரே சொல்வார். வீட்டில் இருக்கும் அத்தனை பேரும், முக்கியமாக அந்தப் பேரனும், ஒரு தடவை பரிசோதனைக்கு வந்துவிடணும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுங்க. டெஸ்ட் இலவசம், மாத்திரை இலவசம். டம்ளர் யார் வீட்டிலாவது இப்போதும் தனியாக இருந்தால் இன்றைக்கே எடுத்து மற்றதோடு சேர்த்துக் கழுவி வைத்துவிடுங்க.