திருமலை மலைப்பாதை: வாகனங்கள் மாற்றியமைத்த மலையூர்

வெதுருகுப்பம்: சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து, உறவினர்களும் அண்டை வீட்டாரும் ஒன்றாக வேன் அமர்த்தித் திருமலைக்குச் செல்வது வழக்கமான காட்சி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள அந்த ஊருக்கு 1944-ஆம் ஆண்டு வரை வாகனம் செல்லும் பாதையே கிடையாது. அதுவரை நடந்தோ, டோலியில் அமர்ந்தோதான் மலையேற வேண்டியிருந்தது.

இரண்டு பாதைகள்

முதல் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி திறக்கப்பட்டது. இரண்டாவது பாதை 1974-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தற்போது புதிய பாதை ஏறுவதற்கும், வளைவுகள் மிகுந்த பழைய பாதை இறங்குவதற்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. நடந்து செல்வோருக்கு அலிபிரியிலிருந்து 3,550 படிகளும், ஸ்ரீவாரிமெட்டு வழியில் 2,388 படிகளும் உள்ளன.

வாகன வசதி ஊரின் உருவத்தையே மாற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருமலையில் வசிப்போர் 8,000-க்கும் குறைவு. ஆனால், நாள்தோறும் வந்து செல்வோர் 60,000-க்கும் அதிகம். விடுதிகள், வாகன நிறுத்துமிடங்கள், அன்னதானக் கூடங்கள், கடைகள் என ஊரில் உள்ளவற்றில் பெரும்பகுதி வருவோருக்காகவே அமைந்தவை.

மலையின் வரம்பு

ஊர் விரிந்த அளவுக்கு மலையின் வளம் விரியவில்லை. 2024 ஆகஸ்டில் மழை பொய்த்தபோது, திருமலையில் உள்ள ஐந்து அணைகளின் மொத்தக் கொள்ளளவான 14,304 லட்சம் கேலனில் சுமார் 5,800 லட்சம் கேலன் நீரே இருப்பதாகத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் தெரிவித்தது. அன்றாடத் தேவை 43 லட்சம் கேலன். அதில் 18 லட்சம் மட்டுமே மலை மீதுள்ள அணைகளிலிருந்து கிடைத்தது. எஞ்சிய நீர் அடிவாரத்தில் உள்ள கல்யாணி அணையிலிருந்து மேலே கொண்டுசெல்லப்பட்டது.

மழை மிகுந்தாலும் இடர்தான். 2021 டிசம்பர் 1-ஆம் தேதி ஏற்றப் பாதையில் பாறைகள் சரிந்து சாலை சேதமடைந்தது. அவ்வழியே போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பாதைகள் செல்லும் சேஷாசலம் வனப்பகுதி 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரவு, அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி உயிரிழந்தார். அதன் பின்னர், பிற்பகலுக்கு மேல் சிறுவர்கள் நடந்து செல்லவும், இரவில் இருசக்கர வாகனங்கள் செல்லவும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

பாதையை மேலும் அகலப்படுத்துவதால் மட்டும் தீரக்கூடிய சிக்கல் அல்ல இது. ஏறிவரும் ஒவ்வொரு வாகனத்தோடும் நீர்த் தேவையும் குப்பையும் கூடுகின்றன.

குழுவாகச் செல்வோர் கவனத்துக்கு

* அலிபிரி சோதனைச் சாவடியில் வாகனமும் உடைமைகளும் சோதிக்கப்படும். மது, புகையிலை, இறைச்சி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை.

* 2025 ஆகஸ்ட் 15 முதல் வாகனங்களுக்கு பாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

* 2022 ஜூன் முதல் திருமலையில் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. குடிநீருக்கு எவர்சில்வர் அல்லது செம்புப் பாத்திரங்களை எடுத்துச் செல்லலாம்.

* மலைப்பாதையைக் கடக்க ஆகும் நேரம் கண்காணிக்கப்படுகிறது. ஓட்டுநரை விரைவுபடுத்துவது அபராதத்துக்கும் விபத்துக்கும் வழிவகுக்கும்.

* திருப்பதியில் வேனை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மேலே செல்லலாம். 2022 செப்டம்பர் முதல் இத்தடத்தில் மின்சாரப் பேருந்துகளும் இயக்கப்படுகின்றன. ஒரு பேருந்து, பல வேன்களின் பயணத்தை மிச்சப்படுத்தும்.

* கனமழைக் காலத்தில் பாதை திறந்துள்ளதா என்பதைப் புறப்படும் முன்பே உறுதிசெய்து கொள்வது நல்லது.